மாடல் ஒன்று சொல்கிறது, மீட்டர் வேறு சொல்கிறது: ரெமனன்ஸை மாற்றிப் பொருத்திவிடலாமா?

கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் இயற்பியல் மாணவர், இரண்டு மாத இன்டர்ன்ஷிப்பில் இருக்கிறீர்கள். 10 மி.மீ. விட்டமும் 10 மி.மீ. நீளமும் உள்ள ஒரு நியோடிமியம் உருளைக் காந்தம், என்42 கிரேடு (காந்தத்தின் வலிமையைச் சொல்லும் தரக்குறியீடு). ரெமனன்ஸ், அதாவது காந்தமாக்கியபின் பொருளிலேயே தங்கிவிடும் புலம், 1.3 டெஸ்லா என்று வைத்து மென்பொருளில் மாடல் செய்தீர்கள், பிறகு காந்தப்புலத்தை உணரும் தட்டையான ஹால் புரோபை வைத்து அச்சின் மேலேயே, காந்தத்தின் முகத்திலிருந்து ஐந்து தூரங்களில் அளந்தீர்கள். மீட்டர் காட்டுவது எல்லா இடத்திலும் மாடலைவிடக் குறைவு: 1 மி.மீ.யில் 12 சதவீதம், 5 மி.மீ.யிலும் 12, 10-ல் 9, 20-ல் 6, 40-ல் 3. கைடு, "ரெமனன்ஸை 1.15 ஆக்கிவிடு, பொருந்திவிடும்" என்கிறார். உங்களுக்கு அது உறுத்துகிறது, ஆனால் ஏன் உறுத்துகிறது என்று சொல்லத் தெரியவில்லை.

மேலோட்டமாகப் பார்த்தால் "1.15 போடலாமா" என்பதுதான் கேள்வி. ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது, மாடலும் அளவும் முட்டிக்கொள்ளும்போது எதில் கைவைக்க வேண்டும், அதை எப்படி முடிவு செய்வது என்று. நான் பல வருடம் காந்தங்களை அளக்கும் வேலையில் இருந்தவன், உங்களைப் போல வந்தவர்கள் பலரோடு உட்கார்ந்து இதே மாதிரி அட்டவணைகளைப் பார்த்திருக்கிறேன். காந்தம் தயாரிக்கும் பக்கம் எனக்கு அனுபவம் இல்லை, அதனால் பொடியை அழுத்திச் சூடாக்கும் கட்டத்தில் என்ன நடக்கும் என்று கேட்டால் கைவிரித்துவிடுவேன். அளவெடுக்கும் பக்கம் மட்டும் பேசுகிறேன்.

முதலில் மாடலைச் சந்தேகப்படுவோம், அதுதான் சீக்கிரம் முடியும். அச்சின் மேல் மட்டும் என்றால் மென்பொருளே தேவையில்லை, கால்குலேட்டர் போதும். நீங்கள் நிற்கும் புள்ளியிலிருந்து காந்தத்தின் முன்முகத்தின் விளிம்புக்கு ஒரு கோடு, பின்முகத்தின் விளிம்புக்கு ஒரு கோடு. இரண்டு கோடுகளும் அச்சோடு செய்யும் கோணங்களின் கொசைனை எடுங்கள். பின்முகத்தின் கொசைனிலிருந்து முன்முகத்தின் கொசைனைக் கழித்து, ரெமனன்ஸில் பாதியால் பெருக்கினால் புலம் வந்துவிடும். உங்கள் காந்தத்துக்கு நான் போட்டுப் பார்த்தேன்: முகத்தைத் தொட்டுக்கொண்டு 0.581 டெஸ்லா, 1 மி.மீ.யில் 0.464, 5-ல் 0.157, 10-ல் 49 மில்லிடெஸ்லா, 20-ல் 10.6, 40-ல் 1.8. மென்பொருளும் இதே எண்களை ஒரு சதவீதம் முன்பின்னாகக் கொடுத்தால் மாடல் கணக்கில் தப்பில்லை. ரொம்ப விலகினால் முதலில் பார்க்க வேண்டியது, இருபரிமாண மாடலில் அச்சுச் சமச்சீர் என்று தேர்வு செய்தீர்களா, இல்லை தட்டை என்று விட்டுவிட்டீர்களா என்பது. தட்டை என்று விட்டால் மென்பொருள் உங்கள் குட்டி உருளையை முடிவில்லாமல் நீளும் ஒரு பட்டையாக எடுத்துக்கொண்டு, ஒரு எச்சரிக்கை கூடத் தராமல், அழகான வண்ணப் படம் வரைந்து கொடுக்கும். அடுத்தது எல்லை. காந்தத்தைச் சுற்றி எவ்வளவு காற்று விட்டீர்கள்? 40 மி.மீ.யில் அளந்துவிட்டு 60 மி.மீ.யில் எல்லையை வைத்திருந்தால் அந்தக் கடைசி எண்ணை நம்ப முடியாது. எல்லையை இரண்டு மடங்கு தள்ளி வைத்து ஒருமுறை, மெஷ்ஷை, அதாவது மென்பொருள் இடத்தைத் துண்டுபோடும் வலையை, பாதியாக நெருக்கி ஒருமுறை ஓட்டுங்கள். விடை அசையவில்லையா, சரி, மாடலை விட்டுவிட்டு மேசைப் பக்கம் வரலாம்.

இப்போது உங்கள் அட்டவணை. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் வித்தியாசம் எவ்வளவு என்றுதான் பார்க்கிறார்கள், அது தூரத்தோடு எப்படி மாறுகிறது என்று பார்ப்பதில்லை. பிழைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி தடம் விட்டுப் போகும். ரெமனன்ஸ் தப்பு என்றாலோ மீட்டரின் கேலிபிரேஷன் (அளவுத்திருத்தம்) தப்பு என்றாலோ எல்லாத் தூரத்திலும் ஒரே சதவீதம் குறைய வேண்டும், 1 மி.மீ.யில் 12 என்றால் 40 மி.மீ.யிலும் 12. மீட்டரின் பூஜ்ஜியம் தப்பு என்றாலோ பூமியின் புலம் ஒட்டிக்கொண்டு வந்தாலோ எல்லா இடத்திலும் ஒரே மில்லிடெஸ்லா கூடும் அல்லது குறையும், அதாவது காந்தத்துக்குப் பக்கத்தில் கண்ணுக்கே தெரியாது, தூரப் போகப் போகச் சதவீதம் ஏறும். புரோப் சாய்ந்திருந்தால் அச்சின் மேல் கொசைன் அளவுக்கு மட்டும் குறையும். 5 டிகிரி சாய்வு 0.4 சதவீதம்தான். 12 சதவீதம் குறைய 28 டிகிரி சாய வேண்டும், அந்தச் சாய்வை எதிர்ப்பக்கம் நிற்பவர்கூடப் பார்த்துச் சொல்லிவிடுவார். பக்கவாட்டில் அரை மி.மீ. விலகினாலும் அச்சுக்கு அருகே அது ஒரு சதவீதத்தைத் தொடாது.

தூரத்தில் தப்பு இருந்தால்? அப்போது வித்தியாசம் புலம் எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அதைப் பொறுத்து வரும். பக்கத்தில் பெரிதாக இருக்கும், தூரப் போகப் போகச் சதவீதமே தேயும். உங்கள் 12, 12, 9, 6, 3 இப்படித்தான் தேய்கிறது. நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொரு தூரத்தோடும் 0.5 மி.மீ. கூட்டி, ரெமனன்ஸைத் தொடாமல் 1.3-லேயே வைத்து, மறுபடி கணக்குப் போட்டேன். 1.5 மி.மீ.யில் 0.409 டெஸ்லா வருகிறது, அது 0.464-ஐவிட 12 சதவீதம் குறைவு. 5.5-ல் 0.138, மறுபடியும் 12. 10.5-ல் 9, 20.5-ல் 6, 40.5-ல் 3. உங்கள் அட்டவணை அப்படியே வந்து நிற்கிறது.

அந்த அரை மில்லிமீட்டர் எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், புரோபின் உள்ளேதான். ஹால் புரோப் என்று நாம் கையில் பிடிப்பது உறைதான். உண்மையில் புலத்தை உணர்வது உள்ளே இருக்கும் ஒரு துளியூண்டு சில்லு, அதன் மேல் பிசின், சில புரோப்களில் அதற்கும் மேல் ஒரு உலோகக் கூடு. நீங்கள் காந்தத்தின் முகத்திலிருந்து புரோபின் முகம் வரை அளந்து 1 மி.மீ. என்று எழுதுகிறீர்கள், சில்லு இருப்பதோ 1.5-ல். சாதாரண வேலைக்கு இது பொருட்டே இல்லை. ஆனால் 10 மி.மீ. காந்தத்தின் முகத்துக்கு அருகே ஒவ்வொரு அரை மி.மீ.க்கும் கிட்டத்தட்ட 60 மில்லிடெஸ்லா சரிகிறது, அங்கே இது எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுவிடும்.

கைடு சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது, ஏன் அப்படித் தோன்றியிருக்கும் என்றும் புரிகிறது. 1, 5 இரண்டு தூரத்திலும் ஒரே 12 வருகிறதல்லவா, அந்த இரண்டை மட்டும் பார்த்தால் "எல்லா இடத்திலும் ஒரே சதவீதம், அப்படியென்றால் ரெமனன்ஸ்தான்" என்று யாருக்கும் தோன்றும். இந்த அளவுக் காந்தத்துக்கு முகத்திலிருந்து ஐந்தாறு மி.மீ. வரை அரை மி.மீ. தூரத் தப்பும் ரெமனன்ஸ் தப்பும் ஏறக்குறைய ஒரே வேஷத்தில்தான் வரும். தூரத்து ரீடிங்குகள்தான் வேஷத்தைக் கலைக்கின்றன. 1.15 போட்டால் 1, 5 இரண்டிலும் கச்சிதமாகப் பொருந்தும், 20 மி.மீ.யில் மாடல் 9.3 மில்லிடெஸ்லா சொல்லும், உங்கள் மீட்டர் காட்டியதோ ஏறக்குறைய 9.9. இதுவரை அதிகமாகச் சொன்ன மாடல் இப்போது குறைவாகச் சொல்கிறது. உங்களை உறுத்தியது இதுவாகத்தான் இருக்கும். இன்னொன்றும் உண்டு. என்42 என்றால் ரெமனன்ஸ் சுமார் 1.28-லிருந்து 1.32 டெஸ்லாவுக்குள் இருக்க வேண்டும். 1.15 என்பது என்35-க்கும் கீழே. லேபிள் மாறி வருவது நடக்காத காரியம் இல்லை, ஆனால் அப்படி ஒரு முடிவுக்குப் போக வேறு ஆதாரம் வேண்டும்.

இதை இவ்வளவு அடித்துச் சொல்லக் காரணம், நானே இந்தக் குழியில் விழுந்து எழுந்தவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சின்னச் சின்ன உருளைக் காந்தங்களை ஒரு டஜன் அளந்தேன், எல்லாம் பத்து பன்னிரண்டு சதவீதம் குறைவாக வந்தன. "இந்தச் சப்ளையரின் காந்தமே இப்படித்தான்" என்று நானாக ஒரு முடிவுக்கு வந்து, நோட்டில் 0.88 என்று ஒரு பெருக்கல் எண்ணை எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் வேறு போட்டு வைத்தேன். அடுத்த மாதம் அதே சப்ளையரிடமிருந்து 40 மி.மீ. விட்டத்தில் பெரிய வட்டுகள் வந்தன. அவற்றை எதிரெதிராக வைத்து நடுவில் குறிப்பிட்ட புலம் வர வேண்டும். நான் என் 0.88-ஐப் போட்டு இடைவெளியைக் கணக்கிட்டுக் கொடுத்தேன். செய்து முடித்துப் பார்த்தால் புலம் பத்து சதவீதத்துக்கு மேல் அதிகம். தாங்கியை மறுபடி கடைய வேண்டியதாயிற்று. அங்கே இருந்த மூத்தவர் ஒருவர் திட்டவில்லை. கம்பி அறுந்து கிடந்த ஒரு பழைய புரோபை டிராயரிலிருந்து எடுத்து, மைக்ரோமீட்டரில் தடிமன் பார்த்துவிட்டு, உப்புத்தாளில் மெதுவாகத் தேய்த்தார். பழுப்பாக இருந்த பிசின் கரைந்து கரைந்து, ஒரு கட்டத்தில் உருப்பெருக்கியின் கீழே கடுகில் பாதி அளவுக்கு ஒரு கருஞ்சதுரமும் அதன் நான்கு மூலையிலிருந்து தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளும் தெரிந்தன. மறுபடி மைக்ரோமீட்டர் வைத்தார், அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாகத் தேய்ந்திருந்தது. "இத்தனை நாள் நீ இந்த ஆழத்திலிருந்து அளந்துகொண்டு இருந்திருக்கிறாய்" என்றார். வேலை செய்யும் புரோபை நீங்கள் உப்புத்தாளில் தேய்த்துவிட வேண்டாம், அப்புறம் இன்டர்ன்ஷிப் அன்றோடு முடிந்துவிடும்.

பெரிய வட்டில் ஏன் அந்த 0.88 பலிக்கவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. 40 மி.மீ. விட்டம், 20 மி.மீ. தடிமன் உள்ள வட்டுக்கு 1 மி.மீ.யில் அளந்தால் அதே அரை மி.மீ. தப்பு இரண்டரை சதவீதத்தைத்தான் சாப்பிடும். புலம் காந்தத்தின் அளவுக்கு ஏற்ப நிதானமாகச் சரிகிறது, அதனால் சின்னக் காந்தத்தில் பூதமாகத் தெரிவது பெரிய காந்தத்தில் எறும்பாகிவிடுகிறது. உங்கள் லேபில் பெரிய வட்டுக் காந்தம் ஒன்று இருந்தால் இதுவே ஒரு சோதனை. அதிலும் 12 சதவீதம் குறைந்தால் நான் சொன்னது தப்பு, கேலிபிரேஷனைப் போய்ப் பாருங்கள். இரண்டு மூன்றுதான் குறைந்தால் ஆழம்தான்.

அதைவிட எளிய சோதனை, புரோபைத் திருப்பிப் போடுவது. தட்டைப் புரோபின் இரண்டு முகங்களிலும் அளக்கலாம், குறி மட்டும் மாறும். ஒரு முகத்திலிருந்து சில்லு இருக்கும் ஆழமும் மறுமுகத்திலிருந்து இருக்கும் ஆழமும் சேர்ந்தால் புரோபின் தடிமன், அதை நீங்கள் மைக்ரோமீட்டரிலேயே பார்த்துவிடலாம். இரண்டு பக்கமும் ஒரே ரீடிங் வந்தால் சில்லு நட்டநடுவில் இருக்கிறது, ஆழம் தடிமனில் சரிபாதி. 1 மி.மீ. தடிமனில் சில்லு 0.35 ஆழத்தில் இருந்தால் மறுபக்கத்துக்கு 0.65, அப்போது உங்கள் காந்தத்தின் 1 மி.மீ. இடத்தில் இரண்டு ரீடிங்கும் ஏழெட்டு சதவீதம் மாறி நிற்கும், தவறவிடவே முடியாது. திருப்பும்போது புரோபின் முகம் அதே இடத்துக்குத் திரும்பி வருவதுதான் முக்கியம், அதற்கு நடுவே ஒரே பிளாஸ்டிக் தகட்டை வைத்து அழுத்திப் பிடியுங்கள். எஃகு அளவுகோலையும் எஃகு காலிப்பரையும் காந்தத்தின் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். காந்தம் அவற்றை இழுப்பது ஒரு பக்கம், நீங்கள் அளக்கும் புலத்தையே அவை வளைத்துவிடும். தகடுகளின் தடிமனைத் தனியாக, தூரத்தில் வைத்து மைக்ரோமீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். டேட்டாஷீட்டிலும் சென்சாரின் ஆழம் போட்டிருக்கலாம், பார்த்துவிடுங்கள். இருந்தாலும் நான் அளந்துதான் நம்புவேன்.

இதற்கெல்லாம் பிறகு மாடலை அளவுகளோடு ஃபிட் செய்யுங்கள், அதில் ரெமனன்ஸ், ஆழம் இரண்டையுமே தெரியாதவையாக விடுங்கள். ஐந்து அளவுகள், இரண்டு தெரியாதவை. விடையில் ரெமனன்ஸ் 1.28–1.32-க்குள்ளும், ஆழம் புரோபைத் திருப்பி நீங்கள் கண்டுபிடித்த எண்ணுக்கு அருகிலும் வந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். மறுபடி சொல்கிறேன், 5 மி.மீ.க்குள் மட்டும் ஐம்பது புள்ளிகள் எடுத்து ஃபிட் செய்தால் அது எதையும் பிரித்துக் காட்டாது, ஒன்றைக் கூட்டி மற்றதைக் குறைத்து எப்படி வேண்டுமானாலும் பொருந்திக்கொள்ளும். புள்ளிகளை 30 மி.மீ. வரை பரப்பி எடுங்கள். இது புதிய தலைவலி இல்லை. 1832-ல் ஜெர்மன் கணித மேதை காஸ் பூமியின் புலத்தை அளக்க உட்கார்ந்தபோது அவருக்குத் தன் காந்தத்தின் வலிமையும் தெரியாது, பூமியின் புலமும் தெரியாது. காந்தத்தைத் தொங்கவிட்டு ஊசலாட விட்டால் இரண்டின் பெருக்கல் கிடைக்கும். அதே காந்தத்தால் வேறொரு ஊசியை விலக வைத்தால் இரண்டின் விகிதம் கிடைக்கும். இரண்டையும் சேர்த்து இரண்டையும் பிரித்தெடுத்தார். இரண்டு தெரியாதவை வெவ்வேறு விதமாகக் கலந்து வரும் இரண்டு அளவுகள் வேண்டும், அவ்வளவுதான். உங்களுக்கு அந்த இரண்டாவது அளவு தூரத்து ரீடிங்கும் புரோப் திருப்பலும்.

ஆனால் 40 மி.மீ. ரீடிங்கை மட்டும் அதிகம் நம்பாதீர்கள். அங்கே மொத்தமே 1.8 மில்லிடெஸ்லா. பூமியின் புலம் இடத்தைப் பொறுத்து 25-லிருந்து 65 மைக்ரோடெஸ்லா வரை இருக்கும். நடுவாக 50 என்று வைத்தாலும் அது உங்கள் ரீடிங்கில் மூன்று சதவீதத்தை நெருங்குகிறது. எந்த 3 சதவீதம் ஆழத்தால், எந்த 3 சதவீதம் பூமியால் என்று அந்த ஒரு எண்ணை வைத்துச் சொல்லவே முடியாது. அட்டவணையோடு அழகாகப் பொருந்துகிறதே என்று நானும் சந்தோஷப்பட்டேன், ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம். நீங்கள் பூஜ்ஜியம் வைத்தது எப்படி என்று எழுதவில்லை. காந்தத்தை மட்டும் தூர எடுத்துப் போய்விட்டு, புரோப் அதே இடத்தில் அதே திசையில் இருக்கும்போதே பூஜ்ஜியம் வைத்திருந்தால் பூமியும் கழிந்துவிட்டது, பிரச்சினை இல்லை. புரோபை, வெளிப்புலம் நுழையாத பூஜ்ஜியக் குழாய்க்குள் விட்டு வைத்திருந்தால் மீட்டரின் பூஜ்ஜியம் மட்டும்தான் சரியாகியிருக்கும், பூமி அப்படியே இருக்கும். ஒரு வழி இருக்கிறது: புரோபை அசைக்காமல் காந்தத்தை மட்டும் முன்பின்னாகத் திருப்பி வைத்து மறுபடி அளந்து, இரண்டு ரீடிங்கின் வித்தியாசத்தில் பாதியை எடுங்கள். பூமியும் மீட்டரின் பூஜ்ஜியமும் இரண்டிலும் ஒரே மாதிரி வந்து கழிந்துவிடும். மேசை இரும்பாக இருந்தால் மட்டும் இதுவும் காப்பாற்றாது, ஏனென்றால் காந்தத்தைத் திருப்பினால் இரும்பின் எதிர்வினையும் கூடவே திரும்பும். மரப்பலகையோ தடித்த பிளாஸ்டிக்கோ போட்டு உயர்த்தி வையுங்கள். துருப்பிடிக்காத எஃகு காந்தமாகாது என்று நம்பி அந்தத் திருகுகளைப் பக்கத்தில் விடாதீர்கள், கடைந்து வளைத்த திருகுகள் கொஞ்சம் காந்தமாகத்தான் இருக்கும்.

இதுவரை சொன்னதில் எது உறுதி, எது என் ஊகம் என்று பிரித்துவிடுகிறேன். சீரான ஒரு சதவீதக் குறைவு உங்கள் அட்டவணையில் இல்லை, அதனால் ரெமனன்ஸை மட்டும் மாற்றினால் போதும் என்பது தப்பு, இது உறுதி. அரை மி.மீ. தூரத் தப்பு உங்கள் ஐந்து எண்களையும் விளக்குகிறது, இதுவும் உறுதி. அந்தத் தப்பு சென்சாரின் ஆழத்தால் வந்தது என்பது பலமான ஊகம், அவ்வளவுதான். உங்கள் ஸ்டேஜின் (புரோபை நகர்த்தும் தாங்கியின்) பூஜ்ஜியமே அரை மி.மீ. தள்ளி இருந்தாலும் இதே அட்டவணைதான் வரும், நடுவே வைத்த தகடு சரியாகப் படியாமல் இருந்தாலும் வரும். புரோபைத் திருப்பும் சோதனை அங்கேதான் கைகொடுக்கும். இரண்டு பக்கமும் சேர்த்து வரும் தூரத் தப்பு புரோபின் தடிமனைவிட அதிகமாக இருந்தால் மிச்சம் ஸ்டேஜில் இருக்கிறது.

ரெமனன்ஸ் 1.3 என்பதும் கல்வெட்டு இல்லை. நியோடிமியம் ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறக்குறைய 0.12 சதவீதம் இழக்கும், பத்து டிகிரி வித்தியாசம் என்றால் ஒரு சதவீதம் போய்விடும். நான் மேலே சொன்ன கொசைன் சூத்திரம் காந்தத்தின் உள்ளே சார்பு உட்புகுதிறன் (வெற்றிடத்தோடு ஒப்பிட்டால் பொருள் புலத்தை எவ்வளவு உள்ளே விடும் என்ற எண்) சரியாக 1 என்று வைத்துக்கொள்கிறது, உண்மையில் அது 1.05 அளவில் இருக்கும். அதனால் இந்த வடிவக் காந்தத்தில் ஓரிரு சதவீதம் குறையலாம். மென்பொருளில் 1.05 போட்டிருந்தால் அது ஏற்கெனவே கணக்கில் வந்திருக்கும். இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் ஃபிட்டில் 1.27 வந்தாலும் எனக்கு ஆச்சரியமில்லை. 1.15 வந்தால் ஆச்சரியப்படுவேன்.

மீட்டரின் கேலிபிரேஷன் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கைடு கேட்பார். அதற்குச் சீரான புலம் வேண்டும், ஏனென்றால் சீரான புலத்தில் சில்லு எந்த ஆழத்தில் இருந்தால் என்ன, எல்லா இடத்திலும் ஒரே எண்தான். ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருள் (நடுவில் சீரான புலம் தரும் இரட்டைச் சுருள்) இருக்கிறதா பாருங்கள். ஆரமும் இடைவெளியும் 15 செ.மீ., பக்கத்துக்கு 100 சுற்று, 1 ஆம்பியர் என்றால் நடுவில் 0.6 மில்லிடெஸ்லா வரும். மின்னோட்டத்தைத் திருப்பி இரண்டுமுறை அளந்து வித்தியாசத்தில் பாதி எடுத்தால் பூமி கழிந்துவிடும். மின்னோட்டத்தைப் பவர் சப்ளையின் டிஸ்ப்ளேவைப் பார்த்து எழுதாமல் நல்ல அம்மீட்டர் ஒன்றைத் தொடரில் போட்டுப் பாருங்கள். இது மீட்டரின் மிகச் சிறிய ரேஞ்சைத்தான் சோதிக்கிறது, 0.4 டெஸ்லா பக்கம் மீட்டர் எப்படி நடந்துகொள்கிறது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. அங்கே சரிபார்க்க என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) டெஸ்லாமீட்டர்தான் கைகண்ட கருவி. புரோட்டான் ஒரு டெஸ்லாவுக்கு 42.577 மெகாஹெர்ட்ஸில் சுழலும், அதிர்வெண்ணை எண்ணினால் புலம் வந்துவிடும். ஃபெர்மிலாபின் மியூவான் பரிசோதனையில் 1.45 டெஸ்லா வளையத்தை அளக்க இதைத்தான் பயன்படுத்தினார்கள். ஆனால் அதை உங்கள் காந்தத்தின் பக்கத்தில் வைத்துப் பிரயோஜனமில்லை. புலம் அவ்வளவு செங்குத்தாகச் சரியும் இடத்தில் சிக்னல் கரைந்து காணாமல் போகும். லேபில் சீரான இடைவெளி உள்ள மின்காந்தம் இருந்தால் அதில் ஹால் புரோபையும் என்எம்ஆரையும் மாற்றி மாற்றி வைத்து ஒப்பிடலாம். இரண்டு மாதத்தில் இதற்கு நேரம் கிடைக்காது, விட்டுவிடுங்கள். கேலிபிரேஷன் சான்றிதழின் தேதியையும் அதில் போட்டிருக்கும் சதவீதத்தையும் அறிக்கையில் எழுதினால் போதும்.

கைடிடம் இதை எப்படிச் சொல்வது என்று கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தீர்கள். "நீங்கள் சொன்னது தப்பு" என்று ஆரம்பிக்காதீர்கள். ஒரே தாளில் மூன்று கோடுகள் போட்டுக்கொண்டு போங்கள்: கிடை அச்சில் தூரம், நெடுக்கு அச்சில் அளவுக்கும் மாடலுக்கும் உள்ள வித்தியாசம் சதவீதத்தில். ஒரு கோடு 1.3-ஐ அப்படியே வைத்தது, ஒன்று 1.15 போட்டது, ஒன்று 1.3-ஓடு அரை மி.மீ. ஆழம் சேர்த்தது. முதலாவது கீழே இருந்து மேலே ஏறும். இரண்டாவது பூஜ்ஜியத்தில் தொடங்கி 10 மி.மீ. தாண்டி மேலே கிளம்பிவிடும். மூன்றாவது பூஜ்ஜியத்தை ஒட்டியே படுத்திருக்கும். அந்தப் படத்தைப் பார்த்தபின் அவரே பேச்சை எடுப்பார். மூல ரீடிங்குகளை மட்டும் எந்தத் திருத்தமும் செய்யாமல் நோட்டில் அப்படியே வைத்திருங்கள். திருத்தம் எல்லாம் அடுத்த பத்தியில் தனியாக, ஏன் செய்தீர்கள் என்ற ஒரு வரியோடு இருக்கட்டும். என் 0.88-ஐ மூல எண்களின் மேலேயே பெருக்கி எழுதிவிட்டேன், பழையது எது என்று பிரித்தெடுக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

முதலில் புரோபைத் திருப்பிப் போட்டு 1 மி.மீ., 20 மி.மீ. இரண்டு இடத்தில் மட்டும் எடுங்கள், புரோபின் தடிமனையும் அளந்துகொள்ளுங்கள். அந்த எண்களையும் பூஜ்ஜியம் எப்படி வைத்தீர்கள் என்பதையும் இங்கேயே எழுதினால், ஆழமா ஸ்டேஜா என்று அடுத்து பார்க்கலாம்.